வீரபாண்டியில் ஒரு ‘ங்க’ படுத்திய பாடு

ஏஐ வந்தால் யாருக்கெல்லாம் வேலை போகும் என்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் மூன்று மாதமாகச் சண்டை. எனக்குப் போவதற்கு வேலையே இல்லை (விருப்ப ஓய்வு, விருப்பம் கம்பெனியுடையது). அதனால் தைரியமாகக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் கல்லூரித் தோழர் சண்முகசுந்தரம் போனில் வந்தார். “ஏனுங்க, நம்ம கம்பெனிக்கு ஏஐ வந்துருச்சுங்க. வாயில சொன்னாப் போதும், டிசைன் வந்துருதுங்க.” போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, சென்னையில் காலை ரயிலைப் பிடித்தேன்.

மதியம் திருப்பூர். கம்பெனி இருக்கும் வீரபாண்டி அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், பல்லடம் ரோட்டில். ஆட்டோ முந்நூறு ரூபாய். தனியார் பஸ்ஸில் சில்லறையோடு முடியும், ஆனால் சட்டைப் பொத்தான்களுக்கு நான் பொறுப்பில்லை. ஏஐ பார்க்கப் போகிறேன் என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். “எம் பொண்ணு அதத்தானுங்க படிக்குது. என்னன்னு கேட்டா, உங்களுக்குப் புரியாதுப்பாங்குது. பாத்துட்டு எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிப்போடுங்க. ஊட்டுக்குப் போயி நானும் பேசோணும்.”

கம்பெனி வாசலிலேயே சண்முகசுந்தரம் வியர்த்துப்போய் நின்றார். நான்கு மணிக்குப் பெங்களூரிலிருந்து குழந்தைகள் உடை வாங்கும் பையர் வருகிறார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால், சும்மா கிடக்கும் இரண்டு தையல் லைன்களையும் மூடிவிட வேண்டியதுதான். தூத்துக்குடியிலிருந்து வந்த தையல்காரர்கள் ஏற்கெனவே வேறு கம்பெனியில் விசாரிக்கிறார்களாம். காட்ட வேண்டிய சாம்பிள் ஒன்றே ஒன்று: யானைப் படம், கீழே ‘பாப்பா’.

யானை ஜோராக வந்துவிட்டது. சிக்கல் பாப்பாவில். செல்போனில் இருக்கும் ஏஐ ஆப்புக்குக் கட்டளைச் சொல் ‘எழுது’. ‘பாப்பா, எழுது’ என்றால் ‘பாப்பா’ என்று எழுதி, பக்கத்து மெசினில் பனியன் மேல் அச்சடித்துவிடும். ‘எழுதுங்க’ என்றால் அதற்குக் கட்டளை என்று தெரியாது; பேச்சு நின்றதும் அதையும் சேர்த்து அடித்துவிடும். சண்முகசுந்தரமோ தெருநாயைக்கூட “அக்கட்ட போங்க சாமி” என்று விரட்டுகிறவர்.

முதல் பனியனில் யானைக்குக் கீழே ‘பாப்பா எழுதுங்க’. இரண்டாவதில் ‘இல்லீங்க வெறும் பாப்பாதானுங்க’. மூன்றாவதில், ‘ஏனுங்க சொன்னாக் கேக்கமாட்டீங்களா’.

“மெசினுக்கு எதுக்குங்க இத்தனை மரியாதை?” என்றார் அவர் மனைவி கலாமணி. “சம்பந்தி ஊட்டுக்கா வந்திருக்கீங்க? அதட்டிச் சொல்லுங்க.”

“வாய் வரமாட்டேங்குது கலா.”

கலாமணி என் பக்கம் திரும்பினார். “அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா. மெட்ராஸ்காரங்களுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாதே.”

இதே குறைக்காக என் மாமனார் வீட்டில் இருபது வருடம் பேச்சு வாங்கியவன் நான். போனை வாங்கி, “பாப்பா. எழுது” என்றேன். சுத்தமாக அடித்துக் கொடுத்தது. என் வாய்க்கு இப்படியொரு சந்தை இருப்பது தெரியாமல் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன்.

பையர் நான்கு மணிக்குச் சரியாக வந்தார். முப்பது வயதுப் பெண். சாம்பிளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். “நல்லாருக்கு சார். இதையே ‘தம்பி’ன்னு மாத்தி, என் முன்னாடி அடிச்சுக் காட்டுங்க.”

நான் கெத்தாக எழுந்தேன். “சார் கம்பெனி ஆளா?” என்றார் பையர்.

“இல்லீங்க, விருந்தாளிங்க” என்றார் சண்முகசுந்தரம். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லக்கூடாதா இந்த மனிதர்?

“அப்ப நீங்களே பண்ணுங்க சார். நாளைக்கு டிசைன் மாறினா விருந்தாளியையா தேடுவீங்க?”

சண்முகசுந்தரம் போனைக் கையில் எடுத்தார். கலாமணி சுவரைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “தம்பி” என்றார். “எழுது” என்று சொன்ன மறுகணம், வெளியே வரவிருந்த ‘ங்க’வைத் தோள்துண்டால் வாயோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெசின் ஓடி நின்றது. யானை, கீழே ‘தம்பி’. வேறொன்றும் இல்லை.

“பல்வலியா சார்?” என்று விசாரித்துவிட்டு, பையர் ஆர்டரை உறுதி செய்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், கம்பெனிகள் லீவு. அனுமதி கேட்காமல் டிசைன்களைப் போட்டோ எடுக்காதீர்கள். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள். நான் ஒதுக்கவில்லை, விவரம் வேண்டாம். எங்கள் வாட்ஸாப் குழுவினருக்கு: முன்பு டிசைன் போட்டுக்கொடுத்தவருக்கு வேலை போய்விட்டதா என்று விசாரித்தேன். “இல்லீங்க, இந்த ஆப்பை எங்களுக்கு வித்ததே அவருதானுங்க” என்றார் கலாமணி.

திரும்பும் ரயில் ஈரோடு தாண்டும்போது சண்முகசுந்தரம் அழைத்தார். “திங்கக்கிழமை ரெண்டு லைனும் ஓடுமுங்க. தையல்காரங்ககிட்டச் சொல்லிட்டனுங்க.” சந்தோஷம் என்றேன். ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? மொட்டையா ‘எழுது’ன்னு சொல்லிப்போட்டேன். மெசினு மனசுல ஏதாச்சும் வெச்சிருக்குமுங்களா?”