கட்டம் இல்லாத கீரைக்காரி

மார்க்கெட் வியாபாரத்தில் சரக்கு பாதி, தொண்டை பாதி. தேயிலை மலையூரான பிரிஞ்சாங்கின் மார்க்கெட்டில் அம்மாவின் கோஸ் கடையில் நிற்கும் எனக்குத் தொண்டை கொஞ்சம் கூடுதல். யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுவேன். குளிரில் விரல் விறைக்கக் கூடைக்குப் பின்னால் நின்றவர்களே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போதே இல்லை. முதல் போணிக்கு நாம் காத்திருக்கவில்லையா, அதுபோலக் கொஞ்சம் இருங்கள்.

லோரி

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லோரியில் வந்து இறங்குகிறவர்கள், கங்காணி கூப்பிட்டால்தான் திரும்ப ஏறுவார்கள். ஒருநாள் பனி உள்ளே புகுந்து எதிர்க்கடையே தெரியவில்லை. லோரி கிளம்புகிறது என்று கங்காணியின் கரகரத்த குரலில் ஒரு சத்தம் விட்டேன். பாதி நிறுத்த மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு ஒரு கூட்டம் ஓடியது. அங்கே லோரிக்குள் கங்காணி தூங்கிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்த மாமா ஒருவர், கோஸை அழுத்திப் பார்த்தபடியே சொன்னார்: "காலையில பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பேர் கூப்பிடவும் நீயே வந்துடு பாப்பா. கங்காணி பாவம், தூங்கட்டும்."

சாக்கு

தகரக் கூரை போடும் முன் இங்கே வெறும் மண்தரை. யாரும் எங்கும் உட்காரலாமாம். கூரை வந்தது, கூரையோடு கடைக்கொன்றாகத் தரையில் சாக்கட்டிக் கட்டம் வந்தது, கட்டத்தோடு மார்க்கெட் இன்ஸ்பெக்டர் வந்தார். அஞ்சலை அக்காவுக்கு மட்டும் கட்டம் இல்லை. வாரமெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லயத்து வீட்டுக் கொல்லைக் கீரையை எங்கள் கடையை ஒட்டிய வெளிப்படியில் சாக்கு விரித்து விற்பார். மழை வந்தால் கீரை போச்சு. இன்ஸ்பெக்டர் வந்தால் இடமும் போச்சு. உள்ளே ஒரு கட்டம் கேட்டு அக்கா அவரிடமே மூன்று முறை போனார். இடமில்லை என்றுவிட்டார்.

நானோ, பனி இறங்கினால் போதும், தூணுக்குப் பின்னால் நின்று இன்ஸ்பெக்டர் மாதிரியே இருமி, "யார் சாக்கு இது?" என்பேன். அக்கா அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடுவார். மூன்றாவது முறை அக்காவிடம் பிடிபட்டேன். அவர் அடிக்கவில்லை. சிதறிய கீரையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "உனக்கு இது வெளையாட்டுடி. எனக்கு இது வயிறு."

இருமல்

அன்றோடு அந்தக் குரலை விட்டேன். விட்டதை அக்காவிடம் சொல்லத்தான் மறந்தேன்.

அடுத்த ஞாயிறு பனியோடு தூறலும். அக்கா குனிந்து கீரை கட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு இருமல். "யார் சாக்கு இது?"

அக்கா நிமிரவே இல்லை. வந்துட்டியா, இதைப் பிடி என்று ஈரக்கீரையை மேலே நீட்டினார். இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. வாழைநாரைக் கிழித்தபடி அக்கா பேசிக்கொண்டே போனார்: அந்த மனுஷன் ஒரே ஒரு மழைக்கு இந்தப் படியில் உட்கார்ந்திருந்தால் கட்டம் தந்திருப்பார், கெட்டவரில்லை, நனையாதவர், அவ்வளவுதான். கடைக்குள் நின்ற நான் என் சொந்தக் குரலில் கத்தி எச்சரிக்கப் பார்த்தேன். அது மட்டும் வரவில்லை.

நாரை எடுக்கத் திரும்பியபோது அக்காவின் கண்ணில் ஒரு கறுப்புச் சப்பாத்துக் கால் பட்டது. அதன்மேல் கீரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல நிமிர்ந்தார். கை நிறையக் கீரையோடு இன்ஸ்பெக்டர் தொப்பலாக நின்றார்.

"பிடிச்சது பிடிச்சிட்டீங்க சார், முடிச்சுப் போடுற வரைக்கும் விட்டுறாதீங்க லா" என்றார் அக்கா.

மூன்றாம் தூணோரம் இன்ஸ்பெக்டரே கோடு போட்டுத் தந்த புதுக் கட்டத்தில் அக்கா இப்போது நனையாமல் உட்காருகிறார். எனக்கு எத்தனை குரல் வந்தாலும், அந்தக் கட்டத்தை வாங்கித் தந்தது நான் வாயடைத்து நின்ற அந்த ஒரு நாள்தான்.