க்ளோவிஸின் மர நாற்காலி

மைதானத்துக்கு வெளியே நோலன் மூட்டிய அடுப்பில் சேற்று இறால் அண்டா அண்டாவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்க் காரம் காற்றிலேறி, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒடீல் ரோபிஷோவின் கண்களைக் கலங்க வைத்தது. மிளகாயின் வேலைதான் அது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் பெல்ரிவ் கல்லூரியின் பேஸ்பால் இறுதித் தொடர் தொடங்குகிறது. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. அதற்கு முந்தைய மாலையில், நம் பையன்களின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஊர் வானொலியில் எடைபோட்டுச் சொல்வது பெல்ரிவ் வழக்கம். பாதி ஊர் இறால் உரித்துக்கொண்டே கேட்கும். மீதி ஊர் வீட்டிலிருந்து கேட்கும். இத்தனை காலமும் அதைச் சொன்னவர் ஒடீலின் கணவர் க்ளோவிஸ்.

"நாற்காலிய இழுத்துப் போடுங்க, ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது." அவர் இப்படிச் சொன்னால்தான் ஆட்டம் ஆரம்பித்ததாக அர்த்தம். கல்யாண விருந்துக்கு ஆட்களை உட்கார வைக்கிறவர்கள்கூட அவர் குரலில்தான் அதைச் சொல்லிப் பார்ப்பார்கள்.

ஒடீல் அவரைச் சந்தித்ததே இந்த மைதானத்தில்தான். ஏணியில் நின்று ரன் பலகையில் எண்களை மாட்டும் வேலை அப்போது அவளுக்கு. ஒருநாள் எண்ணை மாற்றி மாட்டிவிட்டாள். "பலகைல நிக்கிற பொண்ணு எதிரணிக்கு ஒரு ரன்ன சும்மாவே தூக்கிக் குடுத்திருச்சு. தாராள மனசு" என்று வானொலியில் ஊருக்கே சொல்லிவிட்டார் அந்த மனிதர். தப்பு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைத் திருத்தாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஆட்டம் முடிந்ததும் அவரைத் திட்டத்தான் படியேறிப் போனாள் ஒடீல். திட்டப் போனவள் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்த க்ளோவிஸ் அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் திரும்பியது. வலது கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. வார்த்தைகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண். அவர் முக்கித் திணறும்போது யாரும் பாதியில் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் "தண்ணி" வந்தது. "ஒடீல்" வந்தது. எல்லாவற்றையும்விடத் தெளிவாக "வேணாம்" வந்தது.

வானொலிக்காரர்கள் ஒடீலையே மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அவளும் இந்த ஆட்டப் பருவம் முழுக்கப் பேசினாள். அவருடைய அந்த வரியை மட்டும் தொடவே இல்லை. அது அவர் சொத்து.

இரண்டே தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் க்ளோவிஸ் ஒருநாளும் மைதானத்துக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து வானொலியைக் கேட்பார், அவ்வளவுதான். அன்று காலையில்கூட அவருடைய தொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள் ஒடீல்.

"இன்னிக்கு ஒரு நாள் வா, க்ளோவிஸ். நீ வாயத் தொறக்கவே வேணாம். சும்மா உக்காந்திரு, போதும்."

"வேணாம்."

"எல்லாரும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்தத் தொடரோடு பருவம் முடிந்துவிடும். இதற்கும் வராத மனிதர் இனி எதற்கு வருவார்? அந்த ஜன்னலோரத்திலேயே அவர் வாழ்க்கை முடிந்துபோகுமோ?

"என்ன ஒடீல், பேச்சக் காணோம்? இறாலப் பாத்ததும் எச்சில் ஊறிருச்சா?" என்று அகப்பையோடு கத்தினான் நோலன்.

"உன் இறால்ல உப்பப் போடு மொதல்ல, அப்புறம் ஊறுதா பாப்போம்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் தொடங்கினாள்.

"நம்ம பலம் தடுப்பு. ரெண்டாவது தளத்துக்கும் மூணாவதுக்கும் நடுவுல பந்த உருட்டி விட்டா, அது தாண்டிப் போறதுக்கு நம்ம பசங்க விட மாட்டாங்க. மொதல்ல மட்டையடிக்க வர்ற பையன் ஒரு தளத்த எட்டிட்டா, வீச்சாளர் அசந்த நேரத்துல ஓடி அடுத்தத திருடாம இருக்க மாட்டான். கோச் ஹெபர், இது திட்டு இல்ல, பாராட்டு." பயிற்சியாளர் ஹெபர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். "பலவீனமும் இருக்கு. இடது கையால வீசுறவன் எதிர்ல வந்தா நம்ம மட்டையெல்லாம் தூங்கிப் போவுது. நாளைக்கு வர்ற ஹார்லன் கல்லூரிக்காரங்க கிட்ட அப்படி ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது ஆட்டம் வரைக்கும் இழுத்துட்டா நம்ம வீச்சாளருங்க கையும் ஓஞ்சிரும். அதனால மொத ரெண்டுலயே முடிச்சாகணும்."

மிச்சமிருந்தது கோல்பி துவே. கடைசி இன்னிங்ஸில் வந்து பந்து வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பையன். பருவத் தொடக்கத்தில் வந்த மார்டி கிரா திருவிழாவுக்குப் பிறகு அவன் ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அது ஊருக்கே தெரியும். ஆனால் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ராசி அன்றோடு முறிந்துவிடும். அதற்குப் பயந்து கூட விளையாடும் பையன்கள்கூட அவனைத் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். க்ளோவிஸாக இருந்தால், "கடைசி இன்னிங்ஸ் பையனப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று தாண்டிப் போயிருப்பார்.

ஒடீலும் தாண்டிப் போகத்தான் வாயெடுத்தாள். அப்போது அந்த ஜன்னலோரம் ஞாபகம் வந்தது. வானொலிப் பெட்டியின் பக்கம் சாய்ந்திருக்கும் அந்தத் தலை. கெஞ்சினால் வராதவர். ஒரு தப்பு நடந்தால்?

ராசியை அவளும் நம்புகிறவள்தான். எதிரே கோல்பி, குழந்தை முகத்தோடு இறால் உரித்துக்கொண்டிருந்தான். என்னை மன்னிச்சிரு கண்ணு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நம்ம பெரிய பலம் கோல்பி. மார்டி கிராவுலேருந்து ஒரு ரன் குடுக்கல. இனியும் யாராலயும் அவன்கிட்ட அடிக்க முடியாது."

உரித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"ஒடீலம்மா, சொல்லிட்டீங்களே" என்றான் கோல்பி. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மரத்தத் தட்டுங்கடா, சீக்கிரம்" என்று அலறினான் நோலன். மரத்தைத் தட்டினால்தான் இந்தத் தோஷம் போகும். ஆனால் மரத்துக்கு எங்கே போவது? மைதானத்தைப் புதிதாகக் கட்டியபோது பெஞ்சையெல்லாம் இரும்பாக்கிவிட்டார்கள். நாற்காலி பிளாஸ்டிக். கல்லூரிப் பையன்களின் மட்டைகூட அலுமினியம். ஒருவர் ஓடிப்போய் வாசலில் நின்ற ஓக் மரத்தைத் தட்டினார்.

"உசுரோட நிக்கிற மரம் செல்லாதுய்யா."

"இந்தா, பென்சில்."

"இவ்வளவு பெரிய பாவத்த பென்சிலா தாங்கும்?"

"உங்க கிட்டேருந்து இத எதிர்பாக்கல ஒடீல்" என்றார் கோச் ஹெபர், மெதுவாக. அவள் மைக்கை அணைக்கவில்லை. அவள் கண் தெருமுனையிலேயே இருந்தது. தெரு வெறுமையாகக் கிடந்தது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ, பையனின் ராசியையும் கெடுத்து, அவரையும் வரவழைக்க முடியாமல் போனதோ?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தாரில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும்.

க்ளோவிஸ் வந்துகொண்டிருந்தார். வீட்டுச் செருப்போடு, தொப்பியில்லாமல், கோபத்தில் சிவந்த முகத்தோடு. இடது கையில் ஒரு மர நாற்காலி. பழைய மைதானத்தை இடித்தபோது அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன, வர்ணனை அறை நாற்காலி. அதை இழுப்பதும், மூச்சு வாங்கும்போது அதையே பிடித்து நிற்பதுமாக இரண்டு தெருவைக் கடந்து வந்திருந்தார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. நாற்காலியை ஒடீலின் முன்னால் நிறுத்தி, அவளை முறைத்துக்கொண்டே அதன் முதுகில் முஷ்டியால் இடித்தார். பிறகு கோல்பியைப் பார்த்துத் தாடையை அசைத்தார். கோல்பி ஓடிவந்து தட்டினான். கோச் தட்டினார். நோலன் அகப்பையாலேயே தட்டினான். ஊரே வரிசையில் நின்று தட்டியது.

"ஒடீல்" என்றார் க்ளோவிஸ். உதடு திணறியது. "த... தப்பு."

அவர் விழுந்ததிலிருந்து அவள் கேட்காத புது வார்த்தை. "தெரியும்" என்றாள், கண்ணீர் வழிய. "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்காகச் சொன்னாள் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது போலிருந்தது. கோணிப் போயிருந்த வாயின் ஓரம் கொஞ்சமாக மேலேறியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வந்தது வந்துட்டீங்க, க்ளோவிஸ் அண்ணே. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றான் நோலன்.

வேணாம் என்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மைக்கைப் பார்த்தார்.

"நா... நாற்..."

நோலன் வாயெடுத்தான். ஒடீல் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"நாற்கா...லிய." நெற்றி வேர்த்தது. "நாற்காலிய... இழு..."

அதற்கு மேல் வரவில்லை. ஆனால் இம்முறை அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். ஒடீல் உயர்த்திய கையை இறக்கினாள். மிச்ச வரியை ஊரே சேர்ந்து சொன்னது.

மறுநாள் முதல் ஆட்டத்தில் கோல்பி ஒரு ரன் கொடுத்தான். இருந்தும் ஒரு ரன்னில் பெல்ரிவ் ஜெயித்தது. போன ரன்னுக்கு ஒடீலின் வாய் காரணம், வந்த வெற்றிக்கு நாற்காலி காரணம் என்று பங்கு பிரித்தான் நோலன். "ராசியாவது மண்ணாவது, இப்பதான் நிம்மதியா தூங்கப் போறேன் ஒடீலம்மா" என்று கோல்பி அவளைக் கட்டிக்கொண்டான். ஆட்டம் முழுக்க வர்ணனை அறையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த க்ளோவிஸ், அவள் ஒரு பையனின் பெயரை மாற்றிச் சொன்னபோது, "தப்பு" என்று மைக்கிலேயே திருத்தினார்.

கூட்டம் கலைந்ததும் ஒடீல் பையை எடுத்துக்கொண்டாள்.

"நாற்காலிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாமா?"

க்ளோவிஸ் அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். மறுநாள் ஆட்டத்துக்காகக் கீழே தரையைத் தண்ணீர் தெளித்து ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றார்.