புளியமரத்தடி முறை

முழுக் கரும்பால் ஒருவரை அடிக்கும்போது கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்காது. ஈரமாக, மொத்தென்று விழும். நாலைந்து அடியில் கணு பிளந்து சாறு தெறிக்கும். அதற்குப் பிறகு அடி வாங்கியவர் உடம்பில் வழிவது சாறா ரத்தமா என்று கொஞ்ச நேரம் சொல்ல முடியாது. ஈயை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, அது இரண்டுக்கும் வரும். என் அப்பா என் சித்தப்பாவை அப்படித்தான் அடித்தார். ஊரடங்கு முடிந்தும் முடியாமலும் கிடந்த ஒரு காலையில், கடன் கொடுப்பதற்காகக் கடையைப் பார்க்க வந்த அதிகாரியின் கண் முன்னால்.

எங்கள் கடை என்றால் ஒரு கரும்பு மிஷின், ஒரு தார்பாய், பத்து கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மிஷின் அதனடியில் நிற்கும். மற்ற நாட்களில் அப்பாவும் சித்தப்பாவும் கூலி வேலைக்குப் போவார்கள். மிஷினும் இடமும் தாத்தா விட்டுப் போனவை. அவர் செத்த வருஷம் அந்த இடத்துக்காக இரண்டு பேரும் ரோட்டில் கட்டிப் புரண்டதில் சித்தப்பா அப்பாவின் இடது காதைக் கடித்துத் துப்பினார். மடலின் கீழ்ப்பாதி இன்றைக்கும் கிடையாது. ஊர்க்காரர்கள் கூடி முறை வைத்தார்கள். ஒரு பௌர்ணமி அண்ணனுக்கு, அடுத்த பௌர்ணமி தம்பிக்கு. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் முறை முறைதான். கார்த்திகை தீபம் யார் முறையில் விழுகிறதோ அவர் வீட்டில் அன்றைக்குக் கறிக்குப் பதில் வடை பாயசம். மற்றவர் வீட்டில் பாத்திரம் பறக்கும்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான், காலேஜுக்கும் போனேன். அதனால் சண்டை வந்தால் என்னைப் பேசச் சொல்வார்கள். பேசினால் ‘நாலு எழுத்து படிச்ச திமிரு’ என்று இரண்டு பக்கமும் சேர்ந்து என்னை அடிக்க வருவார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

ஊரடங்கு வந்ததும் கிரிவலத்துக்குத் தடை போட்டார்கள். மாதாமாதம் அதே அறிவிப்பு, பாதையின் குறுக்கே அதே சவுக்குக் கட்டைகள். வாங்க ஆளில்லாத ஒரு பௌர்ணமியில் அப்பா சைக்கிளில் சுக்குக் காபி கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் முதலில் கேனை அடித்தார், பிறகு முழங்காலை. அப்பா நொண்டிக்கொண்டே வந்து நசுங்கிய கேனை அம்மா மேல் வீசினார். அம்மா என்னை அறைந்தாள், ஏனென்று கேட்டதற்காக. வெளியில் வாங்கியதை வீட்டுக்குள் இறக்கி வைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அந்த மாதங்களில் இறக்க இடம் போதவில்லை.

நின்று கிடந்ததில் மிஷினின் என்ஜின் துருப்பிடித்து இறுகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குத்தான் போகும் என்றார். பாதையைத் திறக்கிற முதல் பௌர்ணமியில் புளியமரத்தடி காலியாக இருந்தால் வேறு எவனாவது வண்டியை இறக்குவான். இறக்கிவிட்டால் எடுக்க வைக்க முடியாது. ஆக, புது என்ஜின் வந்தால் இடம் இருக்கும், வராவிட்டால் இல்லை. இந்த நேரத்தில்தான் சிறு கடைக்காரர்களுக்கு அரசாங்கம் அவசரக் கடன் தருகிறது, அடமானம் வேண்டாம், வட்டி கம்மி என்று கேள்விப்பட்டேன்.

சைக்கிளை மிதித்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய் அப்பா பெயரில் மனு கொடுத்தேன். முகக்கவசத்தை மோவாயில் தொங்கவிட்டிருந்த அதிகாரி நிதானமாகச் சொன்னார்: “ஒரு எடத்துக்கு ஒருத்தருக்குத்தான் தம்பி. நாங்க நேர்ல வருவோம். கட ஓடணும், மொதலாளி பக்கத்துல நிக்கணும், ஃபோட்டோ எடுப்போம். மிஷின் சும்மா நிக்கிற ஃபோட்டோ அனுப்புனா மேல திருப்பிடுவாங்க.”

கிணறு வெட்டுகிறவர் ஒருவரிடம் என்ஜினை இரவல் வாங்கினோம். நிறுத்துகிற கம்பி உடைந்த என்ஜின் அது. ஆயில் டியூபை மடித்துப் பிடித்தால் இருமி இருமி, தன் இஷ்டத்துக்கு நிற்கும்.

அதிகாரி பைக்கில் வந்து இறங்கியபோது மிஷினின் இந்தப் பக்கம் அப்பா நின்றார், வெள்ளைச் சட்டையில். அந்தப் பக்கம் சித்தப்பா நின்றார், அவரும் வெள்ளைச் சட்டையில், கொஞ்சம் தள்ளி சித்தி. டவுனில் ஒரு நெட் சென்டரில் அவரும் மனுப் போட்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். என்ஜின் ஓடியது, உருளைகள் சுற்றின. அதிகாரி போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கேட்டார்: “ஒரே எடத்துக்கு ரெண்டு மனு இருக்குதே. இது யாரு கடை?”

“என்துங்க” என்றார்கள் இரண்டு பேரும்.

நான் முறையை விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, எளிதாக முடிந்துவிடும் என்கிற குரலில், “சரி, அப்ப இந்த மாசம் யாரு மொறை?” என்றார்.

“என் மொறைங்க” என்றார் சித்தப்பா. “மூடறதுக்கு முன்ன கடைசியா கட போட்டது இவுரு. அடுத்தது நான்தான?”

“மூடனப்பறம் எத்தினி பௌர்ணமி போச்சி? உன்து, என்து, உன்து, என்துன்னு அது பாட்டுக்குப் போய்க்கினுதான இருக்குது. எண்ணிப் பார்றா, இந்த மாசம் என்து.”

“கடயே போடல, மொறை எப்பிடிணா போவும்?”

“நெலா வந்துச்சா இல்லியா? நெலாவுக்குமா ஊரடங்கு?”

“நெலாவா வந்து உன் ஜூஸ குடிச்சிது?”

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்திருக்க வேண்டாம்.

“அன்னிக்கி மழையில என் மொறை கெட்டப்ப இன்னாடா சொன்ன? கெட்டா கெட்டதுதான்னு சொன்ன இல்ல?” அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. அது இறங்கினால் அம்மா எங்களைப் பிடித்து உள்ளே இழுப்பாள்.

“அது மழை. கட போட்ட, ஓடல. இது போடவே உடல. வித்தியாசம் தெரியாதா? ஒரு காது இல்லன்னா பாதிதான் கேக்கும் போல.”

அப்பா கரும்புக் கட்டிலிருந்து முழுசாக ஒன்றை உருவினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தடுக்கத் தூக்கிய கையில். சித்தப்பா குனிந்து அப்பாவின் அடிபட்ட முழங்காலைப் பார்த்து உதைத்தார். அப்பா விழாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில், கழுத்தில், மறுபடி முதுகில் அடித்தார். கரும்பு பிளந்தது. பிளந்த சக்கையின் முனை சித்தப்பாவின் கன்னத்தைக் கிழித்தது. நடுவில் போன எனக்கு யாருடைய முழங்கை பட்டதோ, பல்லில் உப்புக் கரித்தது. “கவர்மெண்ட் வேலைக்கி எடஞ்சல் பண்ணாதீங்க, கேசாயிடும்” என்று அதிகாரி பைக்குக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா திடீரென்று அடியைத் தடுப்பதை நிறுத்தினார். “எனக்கு இல்லன்னா உனக்கும் இல்ல. ஓடுனாதான ஃபோட்டோ?” என்று மிஷின் பக்கம் திரும்பி, உருளைக்குள் கிடந்த கரும்பைப் பிடுங்கி எறியக் கையை விட்டார். கரும்பு வரவில்லை. உள்ளே போனது. கையும் போனது.

அவர் கத்தவில்லை. ‘ணா’ என்றார், அவ்வளவுதான். அதுதான் எனக்கு இப்போதும் கேட்கிறது.

நான் ஓடிப்போய் ஆயில் டியூபை மடித்தேன். என்ஜின் இருமியது, நிற்கவில்லை. அப்பா கரும்பை எறிந்துவிட்டுக் கணு சீவுகிற கத்தியை எடுத்துக்கொண்டு தம்பியை நோக்கிப் பாய்ந்தார். வெட்டத்தான் போகிறார் என்று அங்கே நின்ற எல்லோருமே நினைத்தோம். சித்தியும் அப்படித்தான் நினைத்தாள். தார்பாய் பறக்காமலிருக்க வைத்திருந்த செங்கல்லை எடுத்து, “என் புருசன் மேல கைய வெச்சிப் பாரு மாமா” என்று அப்பாவின் பின்மண்டையில் எறிந்தாள். கல் விழுவதற்கு ஒரு கணம் முந்தி கத்தி இறங்கியிருந்தது, தம்பி மேல் இல்லை, என்ஜினிலிருந்து உருளையைச் சுற்றுகிற பெல்ட்டின் மேல். அது அறுந்து சாட்டை மாதிரி சுழன்று அப்பாவின் நெற்றியைப் பிளந்தது. முன்னால் பெல்ட், பின்னால் செங்கல். அப்பா குப்புற விழுந்தார். உருளை நின்றது.

மாட்டிய கையை எடுப்பதற்குச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். நானும் சித்தியும் சுற்றினோம். ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் சித்தப்பா கத்தினார், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. டம்ளர்களுக்குப் போடுகிற வடிகட்டியில் சாறு சிவப்பாக நின்றது. அதிகாரி வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். ஒரே ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரையும் ஏற்றினோம். பெரியாஸ்பத்திரி வரைக்கும் அப்பாவின் தலை சித்தப்பாவின் மடியில் இருந்தது. வேறு இடமில்லை. “தலைய ஆட்டாத, ரத்தம் என் சட்டையில ஊத்துது” என்று சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. போலீஸ் கேட்டபோது, மிஷினில் மாட்டிக்கொண்டது என்று சித்தப்பா எழுதிக் கொடுத்தார். தலைக்காயம்? “கால் தடுக்கி வுழுந்தாருங்க. அவுருக்கு நடக்கத் தெரியாது.”

சில நாள் கழித்து வேங்கிக்காலிலிருந்து என்னை வரச் சொன்னார்கள். மனுவே போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதிகாரி போனை நீட்டினார். சண்டைக்கு முன்னால் எடுத்த அந்த ஒரே படம். மிஷின் ஓடுகிறது, இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா, இரண்டு வெள்ளைச் சட்டை, முழுசாகப் பத்துப் பத்து விரல்.

“நான் மறுபடி அங்க வரமாட்டேன் தம்பி” என்றார். “இதையே அனுப்பிடறேன். படத்துல ஒருத்தர்தான் இருக்கணும், ஒரு பக்கத்த எடுத்துடணும். யார வெக்கட்டும்? கேட்டுச் சொல்லு.”

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்கு போன் செய்தேன். அப்பாவுக்குத் தலையில் இன்னும் கட்டு இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். டிவியை நிறுத்தச் சொன்னார்.

“அவன வெய்” என்றார். “அந்தக் கைய வெச்சிக்கினு அவன் எவங்கிட்ட கூலிக்குப் போவான்.”

“அப்ப கடன் அவுரு பேருல வரும்பா. கடையும் அவுருதுன்னு ஆவும். நம்ம மொறை?”

“மாசாமாசம் பேங்குக்காரன் அவன் வூட்டு வாசல்ல நிப்பான் இல்ல, நிக்கட்டும். அதுவும் ஒரு அடிதான்.” போனை வைத்துவிட்டார்.

நான் உள்ளே போய் சித்தப்பா இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். அதிகாரி விரலால் தேய்த்தார். அப்பா போய்விட்டார். மிஷின் மேல் வைத்திருந்த அவர் கை மட்டும் மணிக்கட்டு வரை ஓரத்தில் மிச்சமிருந்தது. பரவாயில்லை, யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்.

தடை எடுத்த முதல் பௌர்ணமிக்குப் புது என்ஜின் வந்துவிட்டது. புளியமரத்தடியில் சித்தப்பா நின்றார், வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு. சாயங்காலத்திலிருந்தே கூட்டம். ஆந்திராக்காரர்கள் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். சித்தப்பாவால் ஒரு கையில் கரும்பைப் பிடித்துச் சீவ முடியவில்லை. அப்பா போகக் கூடாது என்று அம்மா வாசலை மறித்துப் பார்த்தாள். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் ஓடினேன்.

சித்தப்பா அவரைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். அப்பா குந்தி உட்கார்ந்து கரும்பைச் சீவத் தொடங்கினார். மூன்று நான்கு கட்டு ஓடியது. வரிசை கொஞ்சம் குறைந்த நேரத்தில் சித்தப்பா இடது கையால் ஒரு முழுக் கரும்பை எடுத்து, குனிந்திருந்த அப்பாவின் முதுகில் முழு பலத்தோடு ஒரு அடி வைத்தார். வரிசையில் நின்ற பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். நான் நடுவில் பாய்ந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கத்தியைத் தரையில் வைத்தார். மூச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“போதுமாடா?”

“இன்னாத்த போதும், இடது கையில பலம் கம்மியா இருக்குது” என்றார் சித்தப்பா. “அடுத்த மாசம் உன் மொறை. மீதிய அன்னிக்கி வந்து குடுக்கறேன்.”

அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார். சித்தப்பா அடித்த அந்தக் கரும்பை அவரிடம் நீட்டினார். அப்பா இரண்டே இழுப்பில் சீவி மிஷினில் கொடுத்தார். வரிசையில் அடுத்து நின்ற ஆந்திராக்காரர் டம்ளரை வாங்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தேன்.