மூன்று ஒன்ஸ்மோர்

அன்றைக்குத் திருத்தணி மலையடிவாரக் கொட்டகையில், திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏழு பேர்: ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ராஜபார்ட், பபூன், ஸ்திரீபார்ட் பாட மணவூரிலிருந்து வந்த பெண், அவளுடைய எட்டு மாதக் குழந்தை, பிறகு நான். நாடகத்தைக் காண்ட்ராக்ட் எடுத்தவன் நான்தான். உலகச் சண்டை நடந்த காலம்; விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கடன் வாங்கி நாடகம் போடுகிறோமே என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. அச்சாரம் வாங்கியவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்து கூடுவார்கள். அவள் வந்து இறங்கும்போதே குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

“அண்ணா, இன்னிக்கு ஒரு நாளு என்னெ உட்டுடுங்க. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறேன்.”

“போவட்டும்ண்ணா, நான் பொடவ கட்டிக்கிறேன்” என்றான் பபூன். “மீசைய எடுத்துட்டா நானும் ரம்பைதான்.”

“உன் மூஞ்சியப் பாக்கவா டிக்கெட்டு வாங்கினாங்க? கொட்டாயக் கொளுத்திடுவானுங்க” என்றேன். அவளிடம், “மருந்து வாங்கியாரச் சொல்றேன். பாடிட்டுப் போம்மா” என்றேன்.

“ஆங், சரிங்க” என்று சொல்லிவிட்டு முகத்துக்கு அரிதாரம் பூச உட்கார்ந்தாள்.

ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிராக நின்று பாடும் தர்க்கப் பாட்டுக்காகவே அம்மையார்குப்பத்திலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள். கேட்டால் பாடியாக வேண்டும், அது வழக்கம். பாடினாள். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் பாடினாள். உள்ளே பபூன் மடியில் கிடந்த குழந்தைக்குக் கண் மேலே செருகியது.

“அண்ணா, வலிப்பு வந்துடுச்சு! படுதாவ உடுண்ணா!”

படுதாக் கயிறு என் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. ஜனம் எழுந்துவிடுமோ, காசைத் திருப்பிக் கேட்பார்களோ என்று கை வரவில்லை. மூன்றாவது தடவையும் கேட்டார்கள். அதையும் முழுசாகப் பாடிவிட்டுத்தான் அவள் உள்ளே வந்தாள். வந்த பிறகுதான் விஷயமே தெரியும் அவளுக்கு.

மாட்டுவண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை போய்விட்டது.

பதினாறு நாள் கழித்துப் பணத்தோடு மணவூருக்குப் போனேன். அவள் புருஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

“அது பாடறதையே உட்டுடுச்சுங்க. துட்ட எடுத்துகினு போங்க.”

உள்ளே அவள் இருந்தாள். வெளியே வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தேன், வாங்கவில்லை. பேசிய சம்பளத்தில் அச்சாரம் போக அவளுக்கு நான் தரவேண்டியது இன்னும் நிற்கிறது, இருபத்தைந்து ரூபாய்.