காப்புக் கட்டிய ஊரில் ரத்தம் கேட்டேன்

ரத்த வங்கிக்காகப் போன் போட்டு ஆள் சேர்ப்பது என் தொழில். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்தால் தெருவைத் தாண்டிப் போகிறவர்கள், எங்களைப் பார்த்தால் ஊரையே தாண்டிப் போய்விடுவார்கள். இதே வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

போட்டோ ரத்தம்

கவிதாவுக்கு ஒன்பது வயது. கூடலூர்ப் பக்கமிருந்து வெண்ணந்தூருக்குத் தறி ஓட்ட வந்த குடும்பம். அவள் ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துகொண்டு ரத்தக் குழாயை அடைக்கும். கை, கால், முதுகு எல்லாம் வலிக்கும். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றி ஏற்றி, இப்போது எல்லோருடைய ரத்தமும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் என் கைவசம் மூன்றே பேர்.

முதல் ஆள் கட்சிக்காரர். தலைவர் பிறந்தநாளுக்கு ஊரே வரிசையில் படுத்து ரத்தம் கொடுக்கும். அடுத்த மாதம் கேட்டால் ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள். "அண்ணா, நீங்க மட்டும் அன்னைக்குக் குடுக்காதீங்க, குடுத்தா மறுபடி மூணு மாசம் குடுக்க முடியாது, அடுத்த வாரம் கவிதாவுக்கு வேணும்" என்று கெஞ்சினேன். அவர் சொன்னார்: "அன்னைக்குப் படுத்து போட்டோ எடுக்காட்டி, அடுத்த எலெக்சன்ல எனக்கு ஆருங்க சீட்டுக் குடுப்பாங்க?"

வீட்டுக்கு ஒரே பையன்

இரண்டாவது ஆளுக்கு இளம்பிள்ளையில் சேலைக்கடை. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிட்டு, கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. போன தடவை அம்மாவுக்குத் தெரியாமல் வந்து கொடுத்தார். இந்தத் தடவை என் கெட்ட நேரம், போனை அம்மாவே எடுத்துவிட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். குழந்தைக்காக உச்சுக்கொட்டினார், கண் கலங்கினார், சாமியை வேண்டிக்கொள்வதாகவும் சொன்னார். கடைசியில்: "எம்பையன் ஏற்கெனவே இளைச்சுப் போயிருக்கான் சாமி. மருமவ ஊட்டுல சும்மாதான இருக்கா, அவகிட்ட ரெண்டு பாட்டலா எடுத்துக்கோங்க."

எல்லை

மூன்றாவது ஆள் மணி. சங்ககிரிப் பக்கத்துக் கிராமம், லாரி டிரைவர். கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் வருகிறவர். ஆனால் அவர் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, காப்புக் கட்டிவிட்டார்கள். கையில் மஞ்சள் கயிறு. நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

"வண்டியோடு நாங்களே அங்கே வந்து எடுத்துக்கிறோம்" என்றேன். அசந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிஜமான கவலையோடு கேட்டார்: "நான் வராட்டியும், எம்பட ரத்தம் எல்லை தாண்டுதுங்களே அக்கா?"

வலிக்கு இல்லாத எல்லை

வார்டுக்குப் போனேன். கவிதா முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அவள் அம்மா என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று பேர் மீதும் ஆத்திரமாக வந்தது. போட்டோவாம், அம்மாவாம், நோம்பியாம், எல்லையாம் என்று வாய்விட்டே திட்டினேன். கவிதா தலையைத் தூக்கினாள்: "அந்த லாரி மாமாவ வையாதீங்க அக்கா. நோம்பி முடியற வரைக்கும் எனக்கு வலிக்காம இருக்கோணும்னு மாரியாத்தாகிட்ட அவரையே கேக்கச் சொல்லுங்க."

எந்தக் கை

அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மணிக்குச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் ஆள் வந்து நின்றார், வியர்வையும் திருநீறுமாக. பூசாரியைக் கேட்டாராம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட்டால் குற்றமில்லை என்றாராம். நர்ஸ் வலது கையைப் பிடித்து ஊசியை எடுத்தார். மணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, சட்டையை மடித்து மற்றதை நீட்டினார்: "காப்புக் கட்டுன கை ஆத்தாளுக்குங்க. இந்தக் கை பாப்பாவுக்கு."

மணி மறுபடி கொடுக்க மூன்று மாதம் ஆகும், கவிதாவுக்கோ அடுத்த மாதமே வேண்டும் என்பதால், இப்போதெல்லாம் நான் பஞ்சாங்கத்தையும் தலைவர்களின் பிறந்தநாளையும் பார்த்துவிட்டு, கொடுக்கிறவர்களின் அம்மாக்கள் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் போன் போடுகிறேன்.