எங்கள் ஆமை அனுசரித்த தவக்காலம்

சாம்பல் புதன் கழிந்து நான்காம் நாள் எங்கள் ஆமை சாப்பாட்டை நிறுத்தியது. காங்கோங் கீரையைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வருகிற ஆமை அது. (ஆமை ஓடுமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.) அன்று கீரைத் தட்டைத் தாண்டிப் போய், போர்ச்சில் நின்ற அப்பாவின் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, அடியில், முன்சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டது. மறுநாளும் அப்படியே.

"தவக்காலம்லா, அதுவும் ஒருசந்தி பிடிக்குது" என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழமை கறி சுடுற சாத்தே கடையில நின்ன உன்னைவிடப் பக்தி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிடாம் கிரியில் வீடு மாறிய ஒரு குடும்பத்திடம் அதை நான்தான் கெஞ்சி வாங்கி வந்தேன். நாள்கணக்காகப் பட்டினி. கண்கள் குழிவிழ ஆரம்பித்தன. சுங்கைப் பட்டாணியில் நான் கேட்ட இரண்டு கால்நடை மருத்துவமனையிலும் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். பினாங்கில் சனிக்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள். அதுவரை தாங்குமா?

சும்மா இருக்க முடியாமல் கைப்பேசியில் குறிப்பெழுதினேன். ஏழு பத்து, காடிக்கு அடியில். ஏழரை, அங்கேயே, மூக்கால் தரையை முட்டுகிறது. எட்டு, செருப்பு அலமாரிக்குக் கீழே போய்ப் படுத்தாயிற்று. மூன்று நாளும் அதே நேரம், அதே சக்கரம்.

வியாழக்கிழமை காலையில் பசியாறும்போது இதை உரக்கப் படித்துக் காட்டினேன். ரொட்டியில் காயா தடவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "ஏழு பத்து உங்கப்பா காடி கழுவுற நேரம்லா."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

அப்பா தினமும் காலையில் அந்தக் காடியைக் கழுவுவார். சோப்பு கிடையாது, வெறும் தண்ணீர்தான். ஆனால் அரை மணி நேரம். இந்த வருடத் தவக்காலத்துக்கு ஒறுத்தலாக அதைத்தான் விட்டிருந்தார். அந்த நேரத்துக்கு ஜெபப் புத்தகம். முன்சக்கரத்துப் பக்கம் சிமெண்ட் சற்றே பள்ளம். கழுவிய தண்ணீர் அங்கே தேங்கும், ஆமை அதில் போய் உட்காரும். வெயிலுக்கு ஒளிகிறது என்று நினைத்திருந்தோம். அதன் குளியலும் குடிநீரும் அதுதான் போலிருக்கிறது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது சீண்டியதே இல்லை. மழையும் பெய்து ஒரு மாதத்துக்கு மேல்.

வாளியோடு ஓடிப் பள்ளத்தில் ஊற்றினேன். அலமாரிக்கடியில் தலை நீண்டது. வந்தது, கழுத்தைத் தரையோடு வைத்தது, குடித்துக்கொண்டே இருந்தது. தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டு நானும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். "வெயில் காலத்துல தண்ணியச் சும்மா ஊத்தாத. காடி மேல ஊத்து. கீழ தானா வரும்."

"அப்பா, வேண்டுதல்?"

"நான் கழுவ மாட்டேன்னுதான் வேண்டிக்கிட்டேன். காடி அழுக்கா இருக்கணும்னு வேண்டிக்கல."

வெள்ளிக்கிழமை ஆமை அரைக்கட்டு காங்கோங் தின்றது. பினாங்குக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன்.

ஆமை சாப்பாட்டை நிறுத்தும்வரை காலை ஏழு மணியையே பார்த்திராத நான் ஈஸ்டர் வரை தினமும் காடி கழுவினேன். "அப்பா விட்டதை நீ பிடிச்சுக்கிட்ட" என்று அக்கா ஜன்னல் வழியே படமெடுத்தாள். அப்பா நாற்காலியில் ஜெபப் புத்தகத்தோடு இருப்பார்.

"பின்சக்கரத்துல சேறு இருக்கு பாரு."

"ஆமை முன்சக்கரத்துக்கிட்டதான்பா இருக்கு."

அப்பா பக்கம் புரட்டினார். பின்சக்கரத்தையும் கழுவினேன்.