நின்றால் நடுங்கும் வண்டியில் பல்லாவரம் வரை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் பிக்கப் வண்டி ஓடும்போது ஒழுங்காக ஓடும், சிக்னலில் நின்றால் நடுங்கும். பக்கத்து வண்டிக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று மூன்று வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் பாட்டைச் சத்தமாக வைத்தேன். தாளத்துக்கு ஆடுகிறவன் மாதிரி தலையையும் ஆட்டினேன்.

கோவளத்தில் மீன் ஏற்றி, தாம்பரம் சுற்றுவட்டாரக் கடைகளில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி நடுங்குகிறது என்று எந்த மீனும் புகார் சொன்னதில்லை. அதனால் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு மச்சானை ஏற்ற வேண்டி வந்தது.

மச்சான் என்றால் தேசப்பன், என் மனைவியின் தம்பி. நாற்பத்தாறு வயது, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். முதுகெலும்பில் புற்று. பல்லாவரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னார்கள். இதில் குணமாகாது, வலி குறையும், அவ்வளவுதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். மச்சானும் கேட்டுக்கொண்டான்.

காரில் குனிந்து ஏற அவனுக்கு இடுப்பு மடங்காது. ஆம்புலன்ஸ் வந்து நின்றால் குப்பமே வாசலில் கூடிவிடும் என்று அதையும் வேண்டாம் என்றான். என் வண்டி சீட்டின் உயரம்தான் அவனுக்குத் தோது. முதல் மூன்று தடவை ஆட்டம் இவ்வளவு இல்லை, எப்படியோ போய்வந்தோம். நான்காவது தடவைதான் இந்தப் பயணம்.

செவ்வாய்க்கிழமை காலை 7.10க்குக் கிளம்பினோம். முதுகுக்கு இரண்டு தலையணை. கேளம்பாக்கம் வரை ஏழு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். அங்கிருந்து வண்டலூர் பத்தொன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். இதுவரை பிரச்சினை இல்லை, எங்கும் அதிகம் நிற்க வேண்டியதில்லை. வண்டலூரில் ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்ததும் முதல் நெரிசல். வண்டி நின்றது. ஆட்டம் ஆரம்பித்தது.

"இன்னா மாமா, வண்டிக்கும் கரண்ட் வெச்சுட்டாங்களா?"

"உனக்கு வெச்சதுல மிச்சம் மச்சான்."

சிரித்தான். பெருங்களத்தூரில் சிரிக்கவில்லை. தாம்பரத்தில் நான்கு நிமிடம் நின்றோம். டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிவப்பு விளக்கையே பார்த்தான். நான் பாட்டை நிறுத்தினேன். குரோம்பேட்டையில் அவன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தேன். மொத்தம் நாற்பத்தொரு கிலோமீட்டர், பதினோரு இடத்தில் நின்றோம்.

திரும்பி வரும்போது கேளம்பாக்கம் தாண்டியதும் சொன்னான்.

"இத்தோட போதும் மாமா. மிச்சம் ஆறு வாட்டி கீது, வேணாம். வலி போறதுக்கு இம்மாம் வலியா?"

அடுத்த தடவை வெள்ளிக்கிழமை, பல்லாவரத்தில் சந்தை நாள். இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

புதன்கிழமை மீனை இறக்கிவிட்டு நேராக மாடம்பாக்கத்தில் மெக்கானிக் டேவிட் அண்ணன் ஷெட்டுக்குப் போனேன்.

"எத்தினி நாளா ஆடுது?"

"மூணு வாரம்ணா."

"அதுவரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"பாட்டு கேட்டுக்கினு இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தன. எஞ்சினை ஓடவிட்டு, நான்கு சிலிண்டருக்கும் கரண்ட் போகும் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் ஆட்டம் ஒரே அளவுக்குக் கூடியது. நாலும் வேலை செய்யுது, எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே போகுது என்றார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பின்பக்கம் போனதும் நின்றார். என் காதில் வைத்தார். உஸ் என்றது. அங்கிருந்த சின்ன ஹோஸை இடுக்கியால் நசுக்கினார். ஆட்டம் பட்டென்று நின்றுபோனது.

ஹோஸ் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியது ஒரு நைலான் நூல். நூலில் தொங்கியது ஒரு துணிப்பை, அதில் பூச்சி உருண்டைகள். மீன் வண்டி என்றால் வாசத்துக்கு எலி வந்து ஒயரைக் கடிக்கும். அதற்காக எங்கள் ஆட்கள் பானெட்டுக்குள் இப்படி ஒரு பை கட்டுவதுண்டு. இதைக் கட்டியது தேசப்பன். உடம்புக்கு வருவதற்கு முன்னால், வலை பின்னும் நூலில் அவனே முடிச்சுப் போட்டான். புயல் அடித்தாலும் அவிழாது மாமா என்றான். அவிழவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க இறுகி, ரப்பரை அறுத்துவிட்டது. டேவிட் அண்ணனும் அவிழ்த்துப் பார்த்தார், முடியாமல் கத்தியால் அறுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மச்சானிடம் எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்துக் காட்டினேன். சீட்டில் கையை வைத்துப் பார்த்தான். ஏறிக்கொண்டான்.

"இன்னா கோளாறு மாமா?"

"எலி."

"நான் கட்டின பை இருந்துமா?"

"பெரிய எலி மச்சான்."

இந்த வழியில் நோயாளியோடு போகிறவர்களுக்கு: 6.30க்கே கிளம்புங்கள், முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். பெட்ரோல் வண்டி ஓடும்போது சரியாக இருந்து நின்றால் ஆடினால், பிளக்கோடு நிறுத்தாமல் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸும் கூலியும் சேர்த்து எனக்கு 450 ரூபாய், ஒன்றரை மணி நேரம். பூச்சி உருண்டைப் பையை இரும்பில் கட்டுங்கள், ரப்பரில் கட்டாதீர்கள். மூன்று வாரம் தள்ளிப்போடாதீர்கள். எனக்குப் பாட்டாக இருந்தது அவனுக்கு முதுகில் இறங்கியது. இன்னும் ஐந்து முறை போக வேண்டும். ஐந்து முடிந்த பிறகு என்ன என்று வண்டிக்குள் நாங்கள் பேசுவதில்லை.

அன்றைக்குப் பல்லாவரம் சந்தை நெரிசலில் ஆறு நிமிடம் நின்றோம். மச்சான் தலையணையில் சாய்ந்து தூங்கிவிட்டான். பல நாளைக்குப் பிறகு அவன் பகலில் தூங்கியதைப் பார்த்தேன். வழி கிடைத்தது. எஞ்சின் சத்தமே இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் திருப்பினேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, மச்சான் கண்ணைத் திறந்தான்.

"இன்னா மாமா, எலியா?"

ஆமாம் என்றேன்.